கடையில் வந்த படம் வீட்டில் வரவில்லை

போன வருஷம் தீபாவளி முடிந்து, சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளை லாரி வைத்துக் கழற்றிக்கொண்டிருந்த வாரம் அது. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில், உதிரியாக வாங்கி நானே என் கையால் பூட்டிய புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் விசிறி ஓடியது. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரி என் முகம்தான் அதில் தெரிந்தது. அந்த முகமும் பார்க்கச் சகிக்கவில்லை.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் நான் ஏன் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன் என்று புரியும்.

நான் பல வருஷம் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். வார இறுதிகளில் சொந்தக்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். முதலில் பொழுதுபோக்குதான். பிறகு தெரியாதவர்களும் கேட்டு வர ஆரம்பித்தார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. போன வருஷம் நடுவில் வேலையை விட்டுவிட்டேன். இனி இதுதான் என் தொழில் என்று வீட்டில் அறிவித்தேன்.

என் கணவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஷிஃப்ட் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி "உன் இஷ்டம்" என்றார்.

இந்த இரண்டு வார்த்தையை எங்கள் வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் கேட்கலாம். சாம்பாரா ரசமா என்றாலும் உன் இஷ்டம், சோபாவுக்கு என்ன நிறம் என்றாலும் உன் இஷ்டம். ஆனால் அன்று அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாட்டேன் என்று சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். என்னமோ பண்ணிக்கொள், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கை கழுவியது மாதிரி இருந்தது. அந்த ரோஷத்தில் நானாக ஒரு கெடு வைத்துக்கொண்டேன். வருஷம் முடிவதற்குள் இது நிமிரவில்லை என்றால் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுவேன். பழைய மேலாளரும் நல்ல மனுஷி. என் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை, மனம் மாறினால் சொல்லுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார்.

வீடியோ வேலைக்கு என் பழைய மடிக்கணினி போதாது. கொஞ்சம் பெரிய வீடியோவைப் போட்டாலே மூச்சு வாங்கும். கடையில் தயாராக விற்பதை வாங்காமல், சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். செலவு குறையும் என்பது ஒரு காரணம். நானே செய்தேன் என்று ஒருத்தரிடம் காட்டவேண்டும் என்பது இன்னொரு காரணம். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிட்டேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்ச் சாப்பிட்டார். பரப்பியதில் பெரிய சாமான் கிராஃபிக்ஸ் கார்டு. திரைக்குப் படம் அனுப்புவது அதுதான். அது இல்லையென்றால் படமே வராது, அப்படிப்பட்ட பிராசசரைத்தான் நான் வாங்கியிருந்தேன். கார்டு என்றதும் பஸ் கார்டு அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். மூன்று விசிறி வைத்தது, தோசைக்கல் கனம். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஒரு இளைஞரிடம் பழையதாக வாங்கியது.

என் கணவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"பூஜை ஏதும் போட வேணாமா?"

"எதுக்கு?"

"புது கார் வாங்குனா கோயிலுக்குக் கொண்டுபோயி டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம்ல. எங்க ஷெட்ல சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்டுக்கே வைக்கிறாங்க. இதுவும் நீ பொழைக்கப்போற சாமான்தானே?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "இது என்ன லாரியா? கரண்டுல ஓடுற சாமான்ங்க. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டா எல்லாம் போச்சு. குங்குமம், சந்தனம்னு எதையும் தூக்கிட்டு இதுகிட்ட வராதீங்க, சொல்லிட்டேன்."

"உன் இஷ்டம்" என்று போய்விட்டார்.

பெட்டி மேசைமேல் படுத்துக் கிடந்தபடியே எல்லாவற்றையும் மாட்டினேன். மானிட்டர் ஒயரைச் சொருகி, சாமியைக்கூட நினைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் கணவர் வந்து திரையைப் பார்த்து, "ம், வருது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெட்டியைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், ஹால் மூலையில் என் வேலை மேசைக்குப் பக்கத்தில், பக்கவாட்டு மூடி மாட்டி, ஸ்க்ரூ முறுக்கி, நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. "தூசி போகுமேன்னு மூடிட்டேன்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். தொடாதீர்கள் என்று சொன்னேனே என்று கத்தினேன். பிறகு போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் அமிர்தமாக ஓடியது. சின்னச் சின்ன வேலைகள் வந்தன. தீபாவளிக்கு முன்னால் முதல் பெரிய வேலை வந்தது. ஒரு பெண் தன் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தில் பெரிய திரையில் போட ஒரு படம் கேட்டார். பழைய கல்யாண வீடியோ, ஆல்பம், மறைந்துபோன உறவுகள் பேசிய துண்டுகள் எல்லாம் மூட்டையாகக் கொடுத்தார். நன்றாக வந்தால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நூறு குடும்பமும் பார்க்கும். எனக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. விசேஷம், நான் முதலில் சொன்ன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரம்தான் திரை கண் சிமிட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு நொடி இருட்டு. பிறகு பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தில் படம் அப்படியே உறைந்து, அணைந்தது. அதன்பிறகு கறுப்புதான்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி என்று சொல்வார்களே, அந்த நிலைமை. ஒயர் பழுதோ என்று புது ஒயர் வாங்கினேன். மானிட்டர் பழுதோ என்று டிவியில் மாட்டிப் பார்த்தேன். எம்ஆர்டி வாசலில் கார்டு விற்ற இளைஞர் ஏமாற்றிவிட்டாரோ என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். மின்சாரம் சரியில்லையோ என்று சமையலறை வரை ஒயர் இழுத்துவந்து அந்தப் பிளக்கில் போட்டேன். இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் அதைக் கழற்று என்கிறார், இன்னொருவர் கழற்றினால் தொலைந்தாய் என்கிறார். எல்லாவற்றையும் படித்துப் படித்து எனக்கு மண்டை காய்ந்துபோனதுதான் மிச்சம்.

கடைசியில் துணிந்து பெட்டியைத் தரையில் படுக்கப்போட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே மூலையில் ஒயர்கள் கற்றையாகக் கிடந்தன. அந்தப் பக்கம் கை வைக்கப் பயந்து, கார்டை மட்டும் கழற்றினேன். அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் துடைத்து மறுபடி அழுத்தி மாட்டினேன். போட்டால், வந்தது படம். அப்பாடா என்று மூடி, நிமிர்த்தி வைத்தேன். அப்போதும் வந்தது. ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கறுப்பு.

மறுபடி படுக்கப்போட்டேன், கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். வந்தது. நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் போனது. கழற்றி மாட்டுவதால் வருகிறது என்று நான் நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. இப்போது படிக்கிற உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் தோன்றியிருக்காது.

வேறு வழியில்லாமல், மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் பெட்டியை வைத்து, போர்வை சுற்றி, எம்ஆர்டி ஏறினேன். லிட்டில் இந்தியாவைத் தாண்டி ரோச்சோர் பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ஒரு கட்டடம் இருக்கிறது. அதில் மேல்மாடியில் ஒரு பழுதுபார்க்கும் கடை. சீனர், என் வயதுதான் இருக்கும். ஆனால் வாய் நிறைய என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்றார். பெட்டியைத் தூக்கி மேசைமேல் படுக்க வைத்து மூடியைத் திறந்தார். தூசி ஊதும் கருவியை எடுத்து மூலை முடுக்கெல்லாம் ஊதினார்.

ஒயர் கற்றைக்குள்ளிருந்து டக்கென்று ஒன்று உருண்டு வந்து விழுந்தது. ஜாதிக்காய் மாதிரி கறுத்துச் சுருங்கி, கல் மாதிரி கெட்டியாக ஒரு சாமான். அவர் அதை ஸ்க்ரூ டிரைவர் முனையால் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, உங்கள் வீட்டில் எலி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் வெந்துபோனது. இல்லவே இல்லை, நான் தினமும் வீடு கூட்டித் துடைக்கிறவள் என்று வாதாடினேன். ஆனால் உள்ளுக்குள், எலிதான் எதையோ கொண்டுவந்து வைத்திருக்குமோ, ஒயரைக் கடித்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம். அவர் அந்த வஸ்துவைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

பிறகு பெட்டியை அப்படியே படுத்த வாக்கில் ஓடவிட்டார். படம் வந்தது. பெரிய பெரிய சோதனையெல்லாம் வைத்தார். கம்ப்யூட்டர் ஒரு சிணுக்கமும் இல்லாமல் ஓடியது. நான் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. "ஆன்ட்டி, கார்டு ஓகே லா. எல்லாமே ஓகே. உங்க வீட்டு கரண்ட்தான் ப்ராப்ளம்" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நிமிர்த்தி வைத்துப் போட்டேன். வந்தது. அந்த அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை மறுபடியும் தாலியைக் கையில் எடுத்தார். மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் திரை அணைந்தது.

அப்போது எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. ஒரு மாதிரி பயம். கடையில் ஓடுகிற சாமான் என் வீட்டில் ஓடமாட்டேன் என்கிறது என்றால் என்ன அர்த்தம்? எனக்குத்தான் இது வாய்க்கவில்லையோ? பகுத்தறிவெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பூஜை போடலாமா என்று கேட்ட மனுஷனை விரட்டினோமே என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது.

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் போன். "அக்கா, சனிக்கிழமைக்குள்ள கெடச்சிடும்ல? அப்பா தினமும் கேட்டுக்கிட்டே இருக்காரு லா." கிடைத்துவிடும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, பழைய மேலாளருக்குச் செய்தி எழுத ஆரம்பித்தேன். அடுத்த மாதம் முதல் வரலாமா என்று எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்தார். காலணியைக் கழற்றும்போதே, "கடைக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். அந்தப் பூஜைப் பேச்சுக்குப் பிறகு அவராக இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. அதற்காகவே காத்திருந்த மாதிரி எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. கார்டு நல்ல கார்டாம், வீட்டுக் கரண்ட் சரியில்லையாம், இங்கே வந்தால் மறுபடி கறுப்பு, நான் பழைய வேலைக்கே போய்விடுகிறேன், நீங்கள் நினைத்தது மாதிரியே ஆகிவிட்டது, போதுமா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அதோடு நிறுத்தாமல், "எலி இருக்கான்னு கேக்குறான்ங்க. உள்ள இருந்து ஏதோ கருகருன்னு உருண்டு வந்துச்சு. எனக்கு மானமே போச்சு" என்றேன்.

அவர் ஒரு காலணியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார்.

"அத எங்க போட்ட?"

"எத?"

"உருண்டு வந்ததை."

"குப்பையில போட்டுட்டான். ஏன்?"

கையிலிருந்த காலணியைக் கீழே வைத்தார். பிறகு காலணியைப் பார்த்துக்கொண்டே, "அது எலி இல்ல. எலுமிச்சம்பழம்" என்றார்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. நான் வேண்டாம் என்று சொன்னதை, நான் மார்க்கெட் போன நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக உள்ளே வைத்து மூடியிருக்கிறார்! சாறு இறங்கித்தான் எல்லாம் கெட்டிருக்கும் என்று குதித்தேன். அவர் மெதுவாக, கத்தி படாத கெட்டிப் பழமாகப் பார்த்து வைத்தேன், சாறெல்லாம் இறங்கியிருக்காது என்றார். பிறகு எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"அது உள்ள இருந்தவரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

ஓடியதுதான்.

"இன்னொண்ணு வச்சுப் பாப்போமா?"

"வைங்க. வச்சுப் பாருங்க. அப்பவாச்சும் உங்களுக்குப் புத்தி வரட்டும்" என்றேன். அவர் தோற்கவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. என் வேலை போனாலும் பரவாயில்லை, அந்த எலுமிச்சம்பழம் ஜெயிக்கக்கூடாது.

குளிர்சாதனப் பெட்டியில் ரசத்துக்கு வைத்திருந்த பழம் ஒன்று இருந்தது. அவர் அதைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிமிர்ந்து நின்ற பெட்டியின் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

படம் வந்தது. இதுவரைக்கும் பழைய கதைதான், இரண்டு நிமிஷத்தில் போய்விடும் என்று கைகட்டிக் காத்திருந்தேன். போகவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டினார். மூன்று முடிச்சும் விழுந்தது. ஊர்வலம், பந்தி, போட்டோ எல்லாம் ஓடின. நாங்கள் இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை முழுசாகப் பார்த்து முடித்தோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்றேன். பழத்தை எடுங்கள் என்றேன். எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கோடு விழுந்து திரை அணைந்தது. வையுங்கள் என்றேன். வைத்தார். வந்தது. மறுபடி எடுத்தோம், போனது. வைத்தோம், வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவருக்கு அதைவிட மோசம். "நான் சும்மா ஒரு மனசுக்குத்தான் வச்சேன்மா" என்று ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார். அவரும் அப்படியொன்றும் பெரிய பக்திமான் இல்லை. பேய் அறைந்தது மாதிரி நின்ற அவர் முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது, எலுமிச்சம்பழம் காய்வதற்குள் படத்தை முடித்துவிடுகிறேன் என்றா?

"இன்னொரு தடவை மெதுவா வைங்க. நான் பாக்குறேன்" என்று கைபேசி விளக்கை அடித்துப் பெட்டிக்குள் தலையை நுழைத்தேன்.

அவர் பழத்தைக் கீழே எங்கும் வைக்கவில்லை. பெரிய கார்டின் வால் பக்கத்துக்கும் அதற்குக் கீழே இருந்த தகட்டுக்கும் நடுவில் வைத்து இடுக்கினார். இடுக்கும்போது கார்டு ஒரு நூல் அளவு மேலே எழும்பியது.

"ஏன் அங்க வைக்கிறீங்க?"

"வேற எங்க வச்சாலும் உருளுது. அன்னைக்கும் இங்கதான் வச்சேன். இங்கதான் அசையாம நிக்குது."

பழத்தை எடுக்கச் சொன்னேன். திரை அணைந்ததும் கையை உள்ளே விட்டு, கார்டின் வாலை என் ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பப் போடச் சொன்னேன். படம் வந்தது. கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன். படம் போகவே இல்லை.

அவ்வளவுதான் விஷயம். தோசைக்கல் கனமுள்ள கார்டு, பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு தொங்குகிறது. தொங்கித் தொங்கிப் பொருந்தும் இடம் விலகுகிறது. படுக்கப்போட்டால் கனம் நேராக உட்கார்ந்துவிடும், அதனால் கடை மேசையில் ஒரு குறையும் இல்லை. நிமிர்த்தி வைத்த நாளிலிருந்தே அதைத் தாங்கியது அந்தப் பழம்தான். கார்டின் சூட்டில் வாரக்கணக்கில் காய்ந்து சுருங்கி, ஒருநாள் நழுவி ஒயருக்குள் விழுந்துவிட்டது. அன்று திரை போயிருக்கிறது.

நான் விளக்கிச் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. "அப்ப சாமி காரணம் இல்லையா?" என்று கேட்டார். நிம்மதியாகக் கேட்டாரா, ஏமாற்றத்தோடு கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். வேலையை விட்ட நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டேன். "முதல் பழம் எங்க வாங்குனீங்க? நம்ம புளோக் கீழ இருக்குற கடையிலயா?"

"இல்ல. தேக்காவுல" என்றார். "காலை ஷிஃப்டுக்கு அப்பறம் போனேன். அம்மன் காலடியில வச்சு வாங்கிட்டு வந்தேன்."

"எப்ப?"

"நீ கத்துனல்ல, குங்குமத்தைத் தூக்கிட்டு வராதீங்கன்னு. அதுக்கு மறுநாள்."

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சாங்கியிலிருந்து வருகிறவருக்கு வழியிலேயே பிடோக் வந்துவிடும், தேக்கா அதைத் தாண்டி லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. விடியலிலிருந்து சரக்கு ஏற்றி இறக்கிய மனுஷன், வீட்டு நிலையத்தில் இறங்காமல் அதைத் தாண்டிப் போய், தேக்காவில் பழம் வாங்கி, கோயிலில் வைத்து எடுத்துக்கொண்டு, மறுபடி வந்த வழியே திரும்பியிருக்கிறார். உன் இஷ்டம் என்று சொன்ன வாயோடு.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீதான் வேணாம்னியே" என்றார்.

இத்தனை மாதமாக அவருக்கு என் தொழில்மேல் அக்கறையே இல்லை என்று நம்பி, அவர்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசப்பைச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனை நாளும் என் பக்கத்திலேயே, ஒரு தகட்டு மூடிக்கு அந்தப் பக்கம், அந்த அக்கறை இருந்திருக்கிறது. அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் நான் வேலை செய்திருக்கிறேன்.

மேலாளருக்கு எழுதி வைத்த செய்தியை அழித்தேன். மறுநாள் என் கணவர் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் போடும் மரப்பலகையில் உடைந்துபோன ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அளவாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவந்தார். கார்டுக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டுவதற்கு முன்னால் தயங்கி நின்று, "மஞ்சள் குங்குமம் வச்சு, நல்லாக் காஞ்சப்பறம் மாட்டலாமா?" என்று கேட்டார். "வைங்க" என்றேன். காயும்வரை இரண்டு பேரும் கோப்பி குடித்தோம்.

படம் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் பெரிய திரையில் படம் ஓடும்போது அந்தப் பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பலர் என்னிடம் வந்து போன் நம்பர் கேட்டார்கள். என் கணவர் மட்டும் கடைசி வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "தாலி கட்டுற எடம் வரப்போகுதுல்ல, அதான்" என்றார். இது வேறு மிஷின், இங்கே கார்டெல்லாம் தொங்காது என்று சொல்லியும் மூன்று முடிச்சு விழும்வரை அவர் நாற்காலியில் சாயவில்லை.

கம்ப்யூட்டர் இன்றுவரை ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு எதுவும் முன்னைப்போல் தெளிவாக இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று நினைத்தால் இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. இப்போதும் அவர் தட்டைப் பார்த்தபடி "உன் இஷ்டம்" என்று சொன்னால், உடனே கோபப்படாமல், வீட்டில் எங்காவது ஒரு எலுமிச்சம்பழம் புதிதாக முளைத்திருக்கிறதா என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது.